தேங்காய் உடைக்காதவர் எல்லாம் பிள்ளையாரை உடைப்பவர் அல்லர்

ஏ9 வீதியில் மாங்குளம் தாண்டிக் கிளிநொச்சிக்குப் போகும் பஸ் முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் நிற்கும். சாரதி இறங்கிக் கற்பூரம் கொளுத்துவார். சிலர் தேங்காய் உடைப்பார்கள், சிலர் திருநீறு பூசிக்கொண்டு ஒரு சரை கச்சானோடு திரும்பி வருவார்கள். இருக்கையை விட்டு எழும்பாதவர்களும் இருப்பார்கள். அப்படி இருந்துவிட்ட ஒருவரைக் காட்டி "இவர் நாத்திகர்" என்று சொல்லிவிடலாமா? அவர் மடுமாதாவிடம் போகிற கத்தோலிக்கராக இருக்கலாம். முஸ்லிமாக இருக்கலாம். வீட்டில் ஒரு சாவு விழுந்து துடக்கோடு இருப்பவராகவும் இருக்கலாம். அப்படியானால் அந்த பஸ்ஸில் ஆசாரத்தை ஆக இறுக்கமாகக் காப்பவர் அவர்தான். வெறும் கால் உளைவாகவும் இருக்கலாம். கடவுள் இல்லை என்ற முடிவோடு வாழ்பவராக இருக்கலாம். வாகனத்தை மறித்து வைக்கும் இந்த வழக்கமே ஒழிய வேண்டும் என்று நினைப்பவராகவும் இருக்கலாம்.

கடைசியில் சொன்ன இருவரையும் ஒரே ஆளாக நினைப்பதுதான் நம்மிடையே ஆகப் பரவலான குழப்பம். கடவுளை நம்பாதவர் என்றால் கோவிலுக்கு எதிரி, கோவிலில் ஏதாவது பிழை சொன்னால் அவர் கடவுளை நம்பாதவர் என்று இரண்டு பக்கத்தாலும் முடிச்சுப் போட்டுவிடுகிறோம்.

இரண்டு கேள்விகள்

முதலாவது கேள்வி: கடவுள் என்று ஒருவர் உண்டா? இது உலகம் எப்படி இருக்கிறது என்பதைப் பற்றியது. உண்டு, இல்லை, தெரியாது என்று எந்தப் பதிலைச் சொன்னாலும் அது ஒருவருடைய மனதுக்குள் இருக்கும் முடிவு. அந்த முடிவோடு அவர் யாருக்கும் எதுவும் செய்யவேண்டியதில்லை. வாய் திறக்கவும் வேண்டியதில்லை.

இரண்டாவது கேள்வி: மதம் என்று நம்மிடையே இருக்கும் அமைப்பு, அதன் போதனை, சடங்கு, பணம், அதிகாரம் இவற்றை என்ன செய்வது? அப்படியே விடுவதா, திருத்துவதா, வலு குறைப்பதா, இல்லாமலாக்குவதா? இது செயல் பற்றிய கேள்வி. இதற்குப் பதில் சொல்பவர் மற்றவர்களின் வாழ்க்கைக்குள் கை வைக்கிறார்.

முதல் கேள்விக்கான பதிலிலிருந்து இரண்டாவதன் பதிலை ஊகிக்க முடியாது. சாராயம் தொடாதவர் எல்லாரும் தவறணையை மூடச் சொல்வதில்லை. தவறணைக்கு முன்னால் பதாகை பிடித்து நிற்பவர்களில் குடிக்கிறவரும் இருப்பார். எனவே நான்கு விதமான ஆட்கள் வருகிறார்கள்: நம்புபவர்–எதிர்க்காதவர், நம்புபவர்–எதிர்ப்பவர், நம்பாதவர்–எதிர்க்காதவர், நம்பாதவர்–எதிர்ப்பவர். ஊர்ப்பேச்சில் முதலாமவரும் நாலாமவரும் மட்டுந்தான் இருப்பார்கள். நடுவில் நிற்கும் இரண்டு வகையாருக்கு நமக்குப் பெயரே இல்லை, ஆட்கள் மட்டும் நிறைய இருக்கிறார்கள்.

நம்பாமை எத்தனை விதம்

"கடவுள் இல்லை" என்று அறுதியிட்டுச் சொல்பவர் ஒரு வகை. "இருக்கிறார் என்று சொல்கிறீர்கள், அதை ஏற்கும் அளவுக்கு எனக்குச் சான்று போதவில்லை" என்பவர் இன்னொரு வகை. இரண்டும் கேட்பதற்கு ஒன்றுபோல இருந்தாலும் வாதத்தில் சுமை வேறு. முதலாமவர் ஒரு கூற்றை முன்வைக்கிறார், ஆகவே காரணம் சொல்லவேண்டிய கடமை அவருக்கு உண்டு. இரண்டாமவர் மற்றவர் கூற்றை ஏற்க மறுக்கிறார், அவ்வளவுதான். அவரைப் பிடித்து "இல்லை என்று நிரூபி பார்ப்போம்" என்று நெருக்குவது கேள்வியையே மாற்றிப்போடுவது. ஆகக் கூடுதலான வாக்குவாதங்கள் இந்த இடத்தில்தான் கெட்டுப்போகின்றன.

மூன்றாவது வகையார், இது மனிதரால் அறியக்கூடிய விஷயமே அல்ல என்பவர்கள். இந்த நிலைப்பாட்டுக்கு இங்கிலாந்தின் உயிரியலாளர் தோமஸ் ஹக்ஸ்லி 1869இல் ஒரு தனிப் பெயர் சூட்டினார். இது அறிவைப் பற்றிய நிலைப்பாடு, நம்பிக்கையைப் பற்றியதல்ல. அறியமுடியாது என்று சொல்லிக்கொண்டே கும்பிடலாம். "இருக்கோ இல்லையோ, கும்பிட்டு வைப்பம்" என்று நம் வயதுபோனவர்கள் சொல்வதில் ஹக்ஸ்லியும் இருக்கிறார், நாகதம்பிரானும் இருக்கிறார். நாலாவது வகையாருக்கு இந்தக் கேள்வி எழுவதே இல்லை. வயல், கடன், பிள்ளைகளின் படிப்பு என்று போகிறது நாள்.

ஒருவகையாரை இந்தப் பட்டியலில் சேர்க்கவே கூடாது. 2009க்குப் பிறகு வன்னியில் கோவிலுக்குப் போவதை நிறுத்தியவர்கள் உண்டு. முள்ளிவாய்க்காலில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அம்மன் படத்தைப் பார்த்து "உனக்குக் கண்ணில்லையோ" என்று கேட்டால், அவர் நாத்திகர் ஆகிவிடவில்லை. இல்லாத ஒருத்தியிடம் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அந்தக் கோபம் ஆறி மீண்டும் பொங்கல் வைத்தவர்களும் உண்டு, ஆறாமலே நம்பிக்கை மெல்லக் கரைந்துபோனவர்களும் உண்டு. அப்படிக் கரைந்தவர்களில் பெரும்பாலானவர்கள் மதத்தை எதிர்த்து ஒரு சொல்லும் சொல்வதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் நேர்த்திக்கடனுக்குத் தூக்குக்காவடி எடுத்தால், வழியில் தண்ணீர் கொடுக்கப் போய் நிற்பார்கள்.

கடவுளும் மதமும் எப்போதும் சோடியாகத்தான் வரும் என்பதும் சரியல்ல. பௌத்தத்திலும் சமணத்திலும் உலகைப் படைத்த ஒரு கடவுள் கிடையாது, ஆனால் இரண்டும் துறவியரும் வழிபாட்டு இடங்களும் உள்ள முழுமையான மதங்கள். மீமாம்சை இன்னும் வியப்பானது. வேத வேள்வியைத் தலைமேல் வைத்துக் கொண்டாடிய அந்தத் தத்துவப் பள்ளி, வேள்வி தன் பலனைத் தானே தரும், இடையில் பலன் கொடுக்க ஒரு கடவுள் வேண்டியதில்லை என்று வாதிட்டது. சடங்கில் முழு ஈடுபாடு, படைப்புக் கடவுளுக்கு இடமில்லை. இப்படியொரு கூட்டத்தை நம்முடைய வழக்கமான முடிச்சுக்குள் எங்கே கட்டுவது?

தமிழில் இந்தப் பேச்சு புதிதுமல்ல. மணிமேகலையில் வஞ்சி நகரத்துச் சமயவாதிகளை ஒவ்வொருவராகக் கேட்டு வரும் மணிமேகலை, சைவர், வைணவர், சமணரோடு சேர்த்துப் பூதவாதியையும் கேட்கிறாள். கண்டதைத் தவிர வேறெதையும் ஏற்காத அவனிடம், உன் தாய் தந்தையர் யார் என்பதை நீ ஊகத்தால் அல்லாமல் எப்படி அறிவாய் என்று சிரித்தபடி கேட்டுவிட்டு நகர்கிறாள். அவனை ஊரை விட்டுக் கலைக்கவில்லை.

எதிர்ப்பு எங்கே படுகிறது

மத எதிர்ப்பு என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது ஐந்து அடுக்குகள் ஒளிந்திருக்கின்றன. ஒரு மதத்தின் போதனை பிழை என்று வாதிடுவது. ஒரு வழக்கம் கெடுதலானது என்று சொல்வது. நிர்வாகத்தையும் கணக்கையும் கேள்வி கேட்பது. அரசிலும் சட்டத்திலும் மதத்துக்குள்ள இடத்தை எதிர்ப்பது. கடைசியாக, மக்கள் வழிபடுவதையே தடுப்பது. முதல் நான்கையும் ஒரு பரம பக்தர்கூடச் செய்யலாம், செய்தும் இருக்கிறார்கள். மத எதிர்ப்பு என்ற சொல்லைக் கேட்டதும் ஊர் நடுங்குவது ஐந்தாவதை நினைத்து. ஆனால் அந்த நடுக்கத்தைக் காட்டி வாயை மூடச் சொல்வது பெரும்பாலும் மூன்றாவதைத்தான். கோவில் கணக்கைக் கேட்டவருக்கு நாத்திகர் பட்டம் கிடைக்கும் வேகத்தைப் பார்த்தால் இது விளங்கும்.

ஆறுமுக நாவலரை (1822–1879) எடுத்துக்கொள்ளுங்கள். சைவத்துக்காக அவரைவிட அதிகம் உழைத்தவர் ஈழத்தில் இல்லை. கோவில்களில் உயிர்ப்பலியிடுவதையும் ஆகமத்துக்கு ஒவ்வாத நடைமுறைகளையும் கோவில் அதிகாரிகளின் போக்கையும் அவரைப்போலக் கடுமையாகத் தாக்கியவர்களும் குறைவு. அது இரண்டாம், மூன்றாம் அடுக்கு எதிர்ப்பு, ஆளோ உள்வீட்டுக்காரர். சித்தர்களில் சிவவாக்கியர் இன்னும் ஒரு படி போய்க் கல்லை நட்டு வைத்துச் சுற்றிவருவதையே கேலி செய்தார். அவர் கேலிக்குக் காரணம் கடவுள் இல்லை என்பதல்ல, கடவுள் உள்ளே இருக்கிறார் என்பது.

மறுபக்கம் ஏப்ரகாம் கோவூர் (1898–1978). கேரளத்தில் பிறந்து, 1928இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் படிப்பித்தவர், பிறகு இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவர். ஏமாற்று நடக்கமுடியாதபடி ஏற்பாடு செய்த நிலையில் அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 1963இல் சவால் விட்டார். கடவுளை நம்பாதவர், எதிர்த்தவரும்கூட. ஆனால் அவர் எதிர்ப்பின் கருவி சோதனை. ஒரு கோவில் கதவையும் பூட்டச் சொல்லவில்லை. மகாராட்டிரத்தில் நரேந்திர தாபோல்கர் தொடங்கிய மூடநம்பிக்கை ஒழிப்பு அமைப்பு இன்னும் கவனமான கோடு போட்டது: கடவுளோடு எங்களுக்குப் பேச்சில்லை, கடவுள் பெயரால் ஏமாற்றுவதும் துன்புறுத்துவதும்தான் எங்கள் இலக்கு என்றது. 2013 ஓகஸ்ட் 20ஆந் திகதி புனேயில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அதே ஆண்டில் நிறைவேறிய மகாராட்டிரச் சட்டம் நரபலி, பில்லிசூனியம் போன்ற செயல்களைத்தான் குற்றமாக்கியது, யாருடைய நம்பிக்கையையும் அல்ல.

பெரியாரில் இரண்டும் ஒருசேர இருந்தன, மறைக்காமல். 1953 மே 27ஆந் திகதி, புத்தர் பிறந்தநாளில், பிள்ளையார் சிலை உடைப்புப் போராட்டம் நடத்தினார். பொதுவிடத்தில் உடைக்கப்பட்டது களிமண் பிள்ளையார். கோவிலில் வைத்து வழிபட்ட விக்கிரகம் அல்ல. வழக்கு 1958இல் இந்திய உச்ச நீதிமன்றம் வரை போனது. கீழ் நீதிமன்றங்கள் சட்டத்தை அளவுக்கு மிஞ்சிக் குறுக்கிப் பொருள் கொண்டன என்று சொன்ன நீதிமன்றம், காலம் கடந்துவிட்டதால் வழக்கை மேலே கொண்டுபோகவில்லை. அவரே, கடவுள் இல்லை என்று மேடைக்கு மேடை சொல்லிக்கொண்டு, எல்லாச் சாதியாரும் கருவறைக்குள் போய்ப் பூசை செய்யவேண்டும் என்றும் கேட்டார். நம்பாதவருக்கு ஏன் அந்த அக்கறை என்று கேட்பவர்கள், முதல் கேள்வியின் பதிலை வைத்து இரண்டாவதை அளக்கிறார்கள். அவரிடமிருந்து பிரிந்து போன அண்ணாதுரையின் பெயரில், பிள்ளையாரை உடைக்கவும் மாட்டோம், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கவும் மாட்டோம் என்றொரு வாக்கு வழங்கிவருகிறது. இந்தக் கட்டுரை மூச்சுப்பிடித்துச் சொல்லும் வித்தியாசம் அந்த ஒற்றை வரிக்குள் அடக்கம்.

ஐந்தாவது அடுக்குக்கு உதாரணம் அல்பேனியா. 1967இல் நாட்டிலிருந்த பள்ளிவாசல்கள், தேவாலயங்கள் எல்லாவற்றையும் மூடினார்கள். 1976 அரசியலமைப்பில் அரசு எந்த மதத்தையும் அங்கீகரிக்காது என்று எழுதிவைத்தார்கள். தடை 1990 வரை நீடித்தது. நாத்திகம் என்று வாயெடுத்தால் இதைக் காட்டிப் பயமுறுத்துவது சிலருக்கு வழக்கம். அங்கே நடந்தது அரசு தன் பலத்தை மனச்சாட்சிமேல் பிரயோகித்தது. மதத்தின் பெயரால் அதையே செய்த அரசுகளும் வரலாற்றில் நிறைய.

ஒரு விளக்கைச் சுற்றி

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு முன், கடலில் தீர்த்தம் எடுத்துவந்து முள்ளியவளை காட்டா விநாயகர் கோவிலில் அந்த உப்புநீரில் விளக்கேற்றுவது வழக்கம். அந்த விளக்கைச் சுற்றி நிற்பவர்களைப் பாருங்கள்.

ஒருவருக்கு அது அம்மனின் அற்புதம், கேள்விக்கு இடமில்லை. பக்கத்தில் நிற்பவருக்கும் அம்மன்மேல் பக்தி உண்டு, ஆனால் விளக்கு எரிந்தாலும் அணைந்தாலும் அந்தப் பக்தி அசையாது. அவர் நம்பிக்கைக்கு அற்புதம் தூணல்ல. மூன்றாமவர் கடவுள் இல்லை என்று நினைப்பவர், பொங்கல் நாளில் வாகனங்களை ஒழுங்குபடுத்தத் தொண்டராக வந்திருக்கிறார், விளக்கைப் பற்றி அவரிடம் யாரும் கேட்பதுமில்லை, அவர் சொல்வதுமில்லை. நாலாமவர், திரியையும் நீரையும் முன்கூட்டிச் சோதித்து, எல்லார் கண்முன்னும் எரித்துக் காட்டவேண்டும் என்கிறார். அவர் எதிர்ப்பது ஒரு கூற்றை. ஐந்தாமவர் இந்தச் சடங்கை நிறுத்தவேண்டும் என்கிறார்.

மூன்றாமவரை ஐந்தாமவரோடு சேர்த்து வைப்பது அநியாயம். அதைவிட நுணுக்கமான பிழை ஒன்று உண்டு: நாலாமவரை ஐந்தாமவராக நடத்துவது. சோதனை கேட்பவர் தடை கேட்கவில்லை. ஆனால் நாலாமவரும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பொங்கலன்று சனத்துக்கு நடுவே நின்று அதைக் கேட்டால், அவர் கேட்பது சோதனை அல்ல, சண்டை. ஆலய நிர்வாகத்திடம் வேறொரு நாளில் எழுத்தில் கேட்பதுதான் முறை. மறுத்தால், மறுத்தார்கள் என்று எழுதலாம்.

நம்புகிறவர் எதிர்க்கும்போது

ஒரு மதத்தை எதிர்ப்பதற்கு நாத்திகம் தேவையே இல்லை. உலகத்தில் மதங்களுக்கு வந்த எதிர்ப்பில் பெரும்பங்கு வேறு மதக்காரரிடமிருந்து வந்தது. நம் ஊர்களில் புதிதாக முளைக்கும் ஜெபக்கூடங்களுக்கு எதிராகத் துண்டுப்பிரசுரம் அடிப்பவர் யார்? விபூதி பூசியவர். கோவில் விக்கிரகத்தைச் சாத்தான் என்று ஒலிவாங்கியில் சொல்பவர் யார்? வேதப்புத்தகம் பிடித்தவர். இருவரும் கடவுளை நம்புபவர்கள், இருவரும் மத எதிர்ப்பாளர்கள். நாத்திகருக்கு இந்தச் சண்டையில் இடமே கிடைப்பதில்லை.

முல்லைத்தீவில் சைவர் வழிபட்டுவந்த மலையில் விகாரை எழும்பும் குருந்தூர்மலை விவகாரத்தில் குழப்பம் வேறு வடிவத்தில் வருகிறது. முல்லைத்தீவு நீதிமன்றக் கட்டளை இருக்கும்போதே 2022இல் அங்கே விகாரைக் கட்டுமானம் தொடர்ந்தது என்பதுதான் எதிர்த்தவர்களின் முறைப்பாடு. வவுனியா வடக்கில் வெடுக்குநாறி மலையில் 2024 மார்ச் 8ஆந் திகதி சிவராத்திரி வழிபாட்டுக்குப் போனவர்களில் எட்டுப்பேர் கைதானார்கள். இந்த இரண்டுக்கும் எதிராகக் குரல் கொடுத்தவர்களில் பழுத்த சைவர்கள் இருந்தார்கள், கத்தோலிக்கக் குருமார் இருந்தார்கள், எந்தக் கோவில் படியும் மிதிக்காதவர்களும் இருந்தார்கள். புத்தர் சொன்ன போதனையை யாரும் பிழை சொல்லவில்லை. எதிர்ப்பு அரச தொல்லியல் திணைக்களத்தின் நடவடிக்கைமேலும் நிலத்தின்மேலும்தான். ஆனாலும் இதற்குப் பௌத்த விரோதம் என்று பெயர் சூட்டப்படுகிறது. எதிர்ப்பு எந்த அடுக்கில் படுகிறது என்று பிரித்துச் சொல்லப் பழகாவிட்டால், அந்தப் பெயரைக் கழற்றுவது கஷ்டம். இலங்கை அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது. அதை நீக்கவேண்டும் என்பவரும் அதேபோல: அவர் கேட்பது அரசு மதங்களுக்கிடையில் நடுவாக நிற்பதை. நாள் தவறாமல் சிவபூசை செய்பவரும் அதைக் கேட்கலாம்.

நேர் எதிரான உதாரணம் 1968, மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில். ஒடுக்கப்பட்ட சாதியினர் கோவிலுக்குள் போகும் உரிமைக்கான போராட்டத்தை முன்னின்று நடத்தியது தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம். அதன் தலைமையில் இருந்தவர்கள் கம்யூனிஸ்டுகள். தாங்கள் கும்பிடப்போகாத கோவிலின் கதவை, கும்பிட விரும்பியவர்களுக்காகத் திறக்கச் சொன்னார்கள். வாசலில் நின்று மறித்தவர்களில் வவுனியாத் தொகுதியின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் சி. சுந்தரலிங்கமும் ஒருவர். 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் அவர்மேல் வழக்கு வந்தது. பக்தரை வாசலில் தடுத்தவர் பக்தர். வழிபாட்டு உரிமைக்கு நின்றவர்கள் நம்பாதவர்கள்.

ஊருக்குள் எப்படி நடந்துகொள்வது

ஆகக் கடினமான இடம் செத்தவீடு. தாய் இறந்துவிட்டார், மூத்த மகன் கடவுளை நம்பாதவர். கொள்ளி வைப்பதா, எட்டுச்செலவும் 31ஆம் நாள் அந்தியேட்டியும் செய்வதா? செய்தால் போலி, செய்யாவிட்டால் துரோகி என்று இரண்டு பக்கத்தாலும் அடி விழும். பிரித்துப் பார்த்தால் அவ்வளவு சிக்கலில்லை. சடங்கு தாயினுடைய விருப்பம் என்றால் அதை நிறைவேற்றுவது தாய்க்குச் செய்யும் கடமை, மகனின் கொள்கைப் பிரகடனம் அல்ல. மனம் ஒப்பவில்லையென்றால் தம்பியோ மருமகனோ செய்யட்டும் என்று ஒதுங்கி நிற்கலாம், செலவில் பங்கைக் கொடுத்துவிட்டு. இந்த இரண்டு வழியும் நம்பாமைக்குள் அடங்கும். "என் வீட்டில் ஐயர் வரக்கூடாது" என்று தம்பியையும் தடுத்தால் அது எதிர்ப்பு, அதுவும் செத்தவரின் விருப்பத்துக்கு எதிரானது.

இதைத் திருப்பியும் பார்க்கவேண்டும். செத்தவரே நம்பாதவராக இருந்து, சடங்கு வேண்டாம் என்று சொல்லியிருந்தால், சுண்ணம் இடித்துத் தேவாரம் பாடியே தீருவோம் என்று நிற்கும் சொந்தக்காரர்தான் மற்றவர் மனச்சாட்சிக்குள் கை வைக்கிறார். அப்படி விரும்புகிறவர்கள் கடிதத்தில் எழுதிப் பெட்டிக்குள் வைத்தால் போதாது. பெட்டியைத் திறப்பது பெரும்பாலும் அந்தியேட்டிக்குப் பிறகுதான். உடலைப் பொறுப்பேற்கப் போகிற ஆளிடம், துணையோ மூத்த பிள்ளையோ, உயிரோடு இருக்கும்போதே நேரில் சொல்லி, இன்னும் இருவரைச் சாட்சியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

கோவில் காசு அடுத்தது. திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று நிர்வாகம் தீர்மானித்துப் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு வரும். நம்பாதவர் செய்யக்கூடியவை பல: அன்னதானத்துக்கோ தண்ணீர்ப்பந்தலுக்கோ என்று குறித்துக் கொடுக்கலாம், பூசைக்குத் தருவதில்லை என்று மரியாதையாகச் சொல்லலாம். செய்யக்கூடாதது, வந்த பெடியங்களை வாசலில் நிறுத்திவைத்துப் பிரசங்கம் செய்வது. அவர்கள் காசு வாங்க வந்தவர்கள், வாதிட வந்தவர்கள் அல்லர். வரி கொடுக்காத வீட்டுக்குக் கமக்காரர் அமைப்பில் தண்ணீர் முறை தரமாட்டோம், செத்தவீட்டுக்கு வரமாட்டோம் என்று நிர்வாகம் மிரட்டினால் அது வேறு சங்கதி. வாய்க்கால் தண்ணீருக்கும் கோவில் வரிக்கும் தொடர்பில்லை. கமநல சேவைகள் நிலையத்தில் எழுத்தில் முறையிடலாம்.

ஒலிபெருக்கி பற்றியும் சொல்லவேண்டும். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்குவதை 2007இல் உயர் நீதிமன்றம் கட்டுப்படுத்தியது. விசேட நாட்களுக்கு விலக்கு உண்டு. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்காக முறைப்பாடு செய்பவர் நேரம், திகதி, எத்தனை நாளாக நடக்கிறது, வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பவற்றை மட்டும் எழுதவேண்டும். "இந்தக் கூத்துக்கெல்லாம்" என்று ஒரு வசனம் சேர்த்தால், சத்தம் பற்றிய முறைப்பாடு சாமி பற்றிய முறைப்பாடாக மாறிவிடும். பிறகு அதைக் கேட்க ஆளிருக்காது.

பாடசாலையில் க.பொ.த. சாதாரண தரத்துக்குச் சமயம் கட்டாயப் பாடம். நம்பாத பெற்றோரின் பிள்ளை சைவநெறிப் பரீட்சை எழுதுவதில் முரண்பாடு எதுவும் இல்லை. நாயன்மார் வரலாறு தெரிந்திருப்பது அறிவு, நாயன்மாரை வணங்குவது நம்பிக்கை. வினாத்தாள் கேட்பது முதலாவதை மட்டும். தேவாரம் தெரியாமல் தமிழ் படிப்பதும் அரைகுறைதான். நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும்போது கடவுள் பெயரால் சத்தியம் செய்ய மனச்சாட்சி இடங்கொடாதவர் அதற்குப் பதிலாக உறுதியுரை செய்யலாம். எழுதுவினைஞர் வாசகத்தை நீட்டும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். கலியாணத்துக்கு, பொதுச் சட்டத்தின் கீழ்ப் பதிவாளர் முன் செய்யும் பதிவே போதும். தாலியும் ஐயரும் இல்லாத காரணத்தால் அது செல்லாமல் போகாது.

சட்டம் எங்கே கோடு போடுகிறது

அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை எல்லா ஆளுக்கும் சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தைத் தருகிறது. தனக்கு விருப்பமான நம்பிக்கையைக் கொண்டிருப்பதும் மேற்கொள்வதும் அதற்குள் வரும். 14ஆம் உறுப்புரை அந்த நம்பிக்கையை வெளிக்காட்டும் உரிமையைத் தருகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு: வெளிக்காட்டும் உரிமையைப் பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காகச் சட்டத்தால் மட்டுப்படுத்தலாம், மனதுக்குள் இருக்கும் சுதந்திரத்தை 15ஆம் உறுப்புரைகூடத் தொடுவதில்லை. ஆக, நம்பாமைக்கு முழுப் பாதுகாப்பு. எதிர்ப்புக்கு நிபந்தனையுள்ள பாதுகாப்பு.

நிபந்தனைகள் தண்டனைச் சட்டக்கோவையில் இருக்கின்றன. வழிபாட்டிடத்தைச் சேதப்படுத்துவது 290ஆம் பிரிவு, வழிபாட்டுக் கூட்டத்தைக் குழப்புவது 291. ஒருவரின் மத உணர்வைப் புண்படுத்தும் எண்ணத்தோடு வேண்டுமென்றே பேசுவதும் சைகை காட்டுவதும் 291அ, ஓராண்டு வரை சிறை. ஒரு வகுப்பாரின் மதத்தை இழிவுபடுத்தி அவர்களைச் சினமூட்டும் தீய எண்ணம் இருந்தால் 291ஆ, இரண்டாண்டு வரை. இந்தக் கடைசி இரண்டிலும் குற்றத்தை நிர்ணயிப்பது எண்ணம். கேட்டவருக்கு மனம் நொந்தது என்பது மட்டும் சட்டப்படி போதாது.

நடைமுறையில் அதற்கு மேலாக ஒன்று தலைக்குமேல் தொங்குகிறது: 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம், குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் பெயரில் வந்தது, ஐ.சி.சி.பி.ஆர். சட்டம் என்று எல்லாரும் சொல்வது. பாகுபாட்டையோ பகைமையையோ வன்முறையையோ தூண்டும் மத வெறுப்புப் பிரசாரத்தைத் தடுக்க வந்தது. 2019 ஏப்ரலில் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார ஒரு சிறுகதைக்காக இதன் கீழ்க் கைதாகி ஓகஸ்ட் வரை விளக்கமறியலில் இருந்தார், 2021இல் விடுவிக்கப்பட்டார். கதை எழுதியவருக்கு நான்கு மாதம் போனது.

ஆகவே முகநூலில் மதத்தைப் பற்றி எழுதப்போகும் எவரும், நம்புபவரோ நம்பாதவரோ, பதிவிடும் முன் எழுவாயைப் பார்க்கவேண்டும். "இந்தப் போதனை பிழை", "இந்த வழக்கம் கெடுதல்", "இந்த நிர்வாகம் கணக்குக் காட்டவில்லை" என்பவை ஒரு வகை. கடைசியானதற்குக் கையில் ஆவணம் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அவதூறாகிவிடும். "இந்த மதக்காரர் எல்லாரும் இப்படித்தான், இவர்களை ஊருக்குள் விடக்கூடாது" என்றால் எழுவாய் மனிதர்களாகிவிட்டது. அந்த வசனத்துக்குப் பகுத்தறிவு என்று பெயர் வைத்தாலும் பக்தி என்று பெயர் வைத்தாலும் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான். ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்தின் கீழ் அதற்குப் பத்தாண்டு வரை கடூழியச் சிறை விதிக்கலாம். பிணை நீதவான் நீதிமன்றத்தில் கிடைக்காது. விதிவிலக்கான காரணம் காட்டி மேல் நீதிமன்றத்தில் கேட்கவேண்டும்.